டாக்டர் பட்டத்துக்குப் பின்: பல்கலைக்கழகப் பணி தேடுவோருக்குப் புனே காட்டும் வழிகள்

பட்டப் படிப்புக்கு மூன்று ஆண்டுகள், முதுநிலைப் படிப்புக்கு இரண்டு ஆண்டுகள், ஆராய்ச்சிக்கு ஐந்து ஆண்டுகள் என்று கணக்கிட்டால், பள்ளியை விட்டு வெளிவரும் ஒருவர் டாக்டர் பட்டம் பெறுவதற்குக் குறைந்தது பத்து ஆண்டுகள் ஆகின்றன. பட்டம் கைக்கு வரும்போது அவருக்கு வயது 28 அல்லது 30 ஆகிவிடுகிறது. அதுவரை மாதந்தோறும் கிடைத்துவந்த ஆராய்ச்சி உதவித்தொகை அத்துடன் நின்றுவிடுகிறது. குடும்பப் பொறுப்புகளோ அப்போதுதான் தொடங்குகின்றன. நிரந்தரமான ஆசிரியப் பதவி கிடைக்கும் வரையிலான இடைக்காலத்தை எவ்வாறு கடப்பது என்பது, ஆராய்ச்சியை வாழ்க்கைப் பணியாகத் தேர்ந்துகொண்ட ஒவ்வொருவரையும் எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

இது தனி மனிதர்களின் கவலை மட்டுமன்று. ஒரு விஞ்ஞானியை உருவாக்க நாடு பொதுப் பணத்தைப் பத்தாண்டுக் காலம் செலவிடுகிறது. பயிற்சி முடிந்த தருணத்தில் அவர் துறையை விட்டு விலகினால், அந்தச் செலவின் பயன் நாட்டுக்குக் கிட்டாமல் போகிறது. சுவிட்சர்லாந்தில் ஆராய்ச்சியை முடித்து 1949ஆம் ஆண்டு தாயகம் வந்த ஹர் கோவிந்த் கொரானா, இங்குத் தக்க வேலை கிடைக்காமல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். 1968ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசு பெற்றபோது, அந்தப் பெருமை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கு நிரந்தரப் பணி கிடைக்கும் வரை தற்காலிக இடமளிப்பதற்காக 1958ஆம் ஆண்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் பொறுப்பில் ‘விஞ்ஞானிகள் தொகுப்பு’ ஏற்படுத்தப்பட்டது. இடைக்காலத்துக்கு ஓர் ஏற்பாடு தேவை என்பதை அரசு அப்போதே உணர்ந்திருந்தது.

இந்தக் கேள்விக்கு விடை காண முயல்வோர் அறிந்துகொள்ள வேண்டிய நகரங்களுள் மகாராஷ்டிர மாநிலத்தின் புனே முக்கியமானது. பல்கலைக்கழகமும் ஆராய்ச்சிக் கூடங்களும் இவ்வளவு நெருங்கி அமைந்த நகரங்கள் நம் நாட்டில் சிலவே.

நால்வர் எழுதிய கடிதம்

புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் வரலாறு, வேலை தேடிய நான்கு இளம் விஞ்ஞானிகளின் கடிதம் ஒன்றிலிருந்து தொடங்குகிறது எனலாம். 1961ஆம் ஆண்டில் கோவிந்த் ஸ்வரூப், எம். ஆர். குண்டு, டி. கே. மேனன், டி. கிருஷ்ணன் ஆகிய நால்வரும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ரேடியோ வானியலில் பணிபுரிந்துவந்தனர். ஸ்வரூப் அப்போதுதான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றிருந்தார். தனித்தனியே விண்ணப்பங்கள் அனுப்பாமல், நால்வரும் சேர்ந்து இந்தியாவில் ரேடியோ வானியல் குழு ஒன்றை நிறுவும் திட்டத்தை எழுதி, இங்குள்ள பல விஞ்ஞான அமைப்புகளுக்கு அனுப்பிவைத்தனர்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக இருந்த ஹோமி பாபா 1962 ஜனவரியில் இசைவு தெரிவித்துப் பதில் அனுப்பினார். 1963இல் ஸ்வரூப் தாயகம் திரும்பினார். அவர் தலைமையில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகைக்கு இணையான சரிவுடைய மலைப்பகுதியைத் தேடிக் கண்டுபிடித்து, பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகக் கருவியை நிறுவினார்கள். இதனால் வானத்துப் பொருளொன்றை மணிக்கணக்காகத் தொடர்ந்து நோக்குவதற்குக் கருவியை ஓர் அச்சில் சுழற்றினாலே போதுமானதாயிற்று. அங்குப் பயிற்சி பெற்ற குழுவே பின்னர் புனேக்கு வடக்கே கோடாட் கிராமத்தில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண வடிவ ஆன்டெனாக்களைக் கொண்ட மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கியது.

எல்லோருக்கும் இத்தகைய வாய்ப்பு அமையாது. ஆயினும் இந்த நிகழ்ச்சியில் பணி தேடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி உண்டு. நால்வரும் தங்கள் தகுதிகளை மட்டும் எடுத்துக் கூறவில்லை. தாங்கள் செய்ய விரும்பும் பணி எது, அதற்கு என்ன கருவி தேவை, அதனால் நாட்டுக்கு விளையும் பயன் யாது என்பவற்றைத் தெளிவாக எழுதினார்கள். இன்று எந்த ஆராய்ச்சி நிலையமும் விண்ணப்பதாரரிடம் கேட்கும் ‘ஆராய்ச்சித் திட்ட அறிக்கை’ இதுவே.

புனேயில் உள்ள மூவகை நிலையங்கள்

முதல் வகை, பல்கலைக்கழகமும் அதனுடன் இணைந்த கல்லூரிகளும் ஆகும். 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புனே பல்கலைக்கழகம் 2014 முதல் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. 1885இல் நிறுவப்பட்ட பெர்குசன் கல்லூரி போன்ற பழம்பெரும் கல்லூரிகளும் இங்குள்ளன. இவற்றில் கற்பித்தலே முதற்கடமையாகும்.

இரண்டாவது வகை, ஆராய்ச்சியையே நோக்கமாகக் கொண்ட தேசிய ஆய்வுக்கூடங்கள். 1950 ஜனவரியில் பிரதமர் நேரு திறந்துவைத்த தேசிய இரசாயன ஆய்வுக்கூடம், 1952இல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம், 1962இல் ஏற்பட்ட இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவது வகை, கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் இணைக்கும் நோக்குடன் பிற்காலத்தில் தோன்றியவை. 2006இல் தொடங்கப்பட்டு, தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்துக்கு அருகே பாஷாணில் இயங்கும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சிக் கழகம், இளநிலை மாணவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களே பாடம் நடத்த வேண்டும் என்னும் கொள்கையுடையது. 1988இல் ஜயந்த் நார்லிகரை முதல் இயக்குநராகக் கொண்டு பல்கலைக்கழக மானியக் குழு தோற்றுவித்த வானியல், வானியற்பியல் பல்கலைக்கழகங்களுக்கிடை மையம், புனே பல்கலைக்கழக வளாகத்திலேயே அமைந்துள்ளது. நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ பணிபுரியும் ஆசிரியரும் இதன் வருகை இணையாளராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, விடுமுறைகளில் இங்கு வந்து நூலகத்தையும் கணிப்பொறி வசதிகளையும் பயன்படுத்தி ஆராய்ச்சியைத் தொடரலாம். சிறு நகரக் கல்லூரியில் ஆசிரியப் பணியை ஏற்றால் ஆராய்ச்சிக்கு முடிவு வந்துவிடும் என்று அஞ்சும் இயற்பியல் பட்டதாரிகளுக்கு இந்த ஏற்பாடு பெருந்துணையாகும்.

மொழி, வரலாறு, பொருளாதாரம் பயின்றோருக்கும் புனேயில் இடமுண்டு. 1917இல் நிறுவப்பட்ட பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகம் மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை 1966இல் நிறைவு செய்தது. தொல்லியலுக்கும் மொழியியலுக்கும் புகழ்பெற்ற டெக்கான் கல்லூரியில் 1948 முதல் சம்ஸ்கிருதப் பேரகராதிப் பணி நடைபெற்றுவருகிறது. 1930இல் தோன்றிய கோகலே அரசியல், பொருளாதாரக் கழகத்தைப் பல்லாண்டுகள் வழிநடத்திய டி. ஆர். காட்கில், பின்னர் திட்டக் குழுவின் துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

இடைக்காலப் பணிகள்

டாக்டர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணிகள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு உரியவை. இவற்றைப் பெறுவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒரு பேராசிரியர் அரசிடமிருந்து பெற்ற ஆராய்ச்சித் திட்ட நிதியில் ‘ரிசர்ச் அசோசியேட்’ ஆகச் சேருவது முதல் வழி. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி இப்பணியின் மூன்று படிகளுக்கு முறையே ரூ. 58,000, ரூ. 61,000, ரூ. 67,000 மாத ஊதியமும் வீட்டு வாடகைப் படியும் நிர்ணயிக்கப்பட்டன. வாடகைப் படிக்காக மத்திய அரசு ‘எக்ஸ்’ வகையில் சேர்த்துள்ள எட்டு நகரங்களுள் சென்னையைப் போன்றே புனேயும் ஒன்று. இப்பணியில் திட்டத்தின் காலம் முடிந்தவுடன் பணியும் முடிகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சேருவதற்கு முன்பே, திட்டத்தில் எஞ்சியுள்ள காலம் எவ்வளவு என்று கேட்டறிவது அவசியம்.

இரண்டாவது வழி, நிலையங்கள் தம் சொந்த நிதியிலிருந்து அளிக்கும் ஆராய்ச்சிப் பணிகள். இங்குக் குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்குக் கட்டுப்படாமல் ஆய்வுப் பொருளைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் ஓரளவு அதிகம்.

மூன்றாவது, விண்ணப்பதாரர் தம் பெயரிலேயே பெறும் தேசிய உதவித்தொகை. இவ்வகையில் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரில் 900 இடங்கள் கொண்ட திட்டத்தை அறிவித்தது. மாதம் ரூ. 50,000 என்று வகுக்கப்பட்ட அத்திட்டத்தில் மொழிகளும் சமூக விஞ்ஞானங்களும் இடம்பெற்றன. 30 சதவீத இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சமூக விஞ்ஞானத் துறைகளுக்கு 1969இல் ஏற்பட்ட இந்தியச் சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சிலும் உதவுகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்ப விரும்புவோருக்காக ராமானுஜன் பெயரிலும் ராமலிங்கசுவாமி பெயரிலும் ஐந்தாண்டு உதவித் திட்டங்கள் வகுக்கப்பட்டன. உதவித்தொகை தம் பெயரில் இருப்பதால், இவ்வழியில் வருவோர் சுதந்திரமான ஆராய்ச்சியாளர் என்ற மதிப்பைப் பெறுகின்றனர்.

எந்த வழியானாலும், வழிகாட்டியாக அமையக்கூடிய பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுதுவதே தொடக்கமாகும். அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்து, அவற்றோடு தம் ஆய்வு எந்த இடத்தில் பொருந்துகிறது என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பும் கடிதம் கவனிக்கப்படுகிறது. ஒரே வாசகத்தை நூறு பேருக்கு அனுப்பும் கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. டாக்டர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பாகவே இந்த முயற்சியைத் தொடங்குவது நலம்.

ஆசிரியப் பதவிக்கான விதிகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர் நியமனத்துக்கு உரிய குறைந்தபட்சத் தகுதிகளை வகுத்தன. பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பதவிக்கு டாக்டர் பட்டம் கட்டாயம் என்று முதலில் கூறப்பட்டிருந்தது. 2023 ஜூன் 30 நாளிட்ட திருத்தம் அதை மாற்றி, தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேறுவதே குறைந்தபட்சத் தகுதி என்று அறிவித்தது. குழுவின் விதிகளுக்கு இணங்க டாக்டர் பட்டம் பெற்றவர்களுக்குத் தகுதித் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

தமிழகத்திலிருந்து புனேக்கு விண்ணப்பிப்போர் இங்கு ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். தேசியத் தகுதித் தேர்வு நாடு முழுவதற்கும் செல்லும். மாநிலத் தகுதித் தேர்வோ 2002 ஜூன் முதல் அந்தந்த மாநிலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். மகாராஷ்டிரத்துக்கும் கோவாவுக்கும் உரிய மாநிலத் தேர்வைப் புனே பல்கலைக்கழகமே நடத்துகிறது. தமிழக மாநிலத் தேர்வில் மட்டும் தேறியவர் அதைக்கொண்டு புனேயில் தகுதி கோர இயலாது. அவ்வாறே, ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் மற்றொரு மாநில அரசின் பணிகளில் அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் கல்வி நிலையங்களுக்கு 2019ஆம் ஆண்டின் தனிச் சட்டம் பொருந்தும்; அதன்படி ஒதுக்கீட்டைக் கணக்கிடுவதற்குத் துறை அன்றி நிலையம் முழுவதுமே அலகாகும்.

2018 விதிமுறைகள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்போரைத் தெரிவு செய்ய ஒரு மதிப்பெண் பட்டியலையும் தந்தன. பல்கலைக்கழகப் பதவிகளுக்கான பட்டியலில் டாக்டர் பட்டத்துக்கு 30 மதிப்பெண்கள்; ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10; கற்பித்தல் அல்லது டாக்டர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி அனுபவம் ஓராண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. கல்லூரிப் பதவிகளுக்கான பட்டியலில் டாக்டர் பட்டத்துக்கு 25, கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 6 என்று குறைகின்றன. அனுபவத்துக்கு அதே 10 உண்டு. இதைக் கூர்ந்து நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். ஆராய்ச்சிப் பணியில் கழித்த ஆண்டும் வகுப்பறையில் கழித்த ஆண்டும் சமமாகவே மதிக்கப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு மேலும், ஐந்து கட்டுரைகளுக்கு மேலும் சேர்ப்பதனால் இப்பட்டியலில் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிட்டவில்லை. மேலும், இம்மதிப்பெண் அழைப்புக்கு மட்டுமே உரியது. இறுதித் தேர்வு நேர்முகத்தைப் பொறுத்தது என்றும் விதி கூறியது. 2025 ஜனவரியில் இவ்விதிமுறைகளை மாற்றுவதற்கான வரைவு வெளியிடப்பட்டது. மாநில அரசுகளும் தனி ஆணைகள் பிறப்பிப்பதுண்டு. ஆதலால் விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள விதியை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சிக் கழகங்களில் முறை வேறு. டாக்டர் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு அனுபவம் உள்ளவர் உதவிப் பேராசிரியர் பதவியின் முதல் நிலைக்கும், குறைந்த அனுபவமுள்ளவர் இரண்டாம் நிலைக்கும் கருதப்படுகின்றனர். இங்கு எண்ணிக்கையைக் காட்டிலும் ஆராய்ச்சித் திட்ட அறிக்கையும் கருத்தரங்க உரையும் வல்லுநர்களின் பரிந்துரைக் கடிதங்களும் முதலிடம் பெறுகின்றன.

மணிக்கணக்கு ஆசிரியர்கள்

நிரந்தரப் பதவி கிடைக்காதவர்களில் பலர் கல்லூரிகளில் மணிக்கணக்கு அடிப்படையில் பாடம் நடத்துகின்றனர். மகாராஷ்டிரத்தில் இது ‘தாசிகா’ முறை என்று வழங்கப்படுகிறது. தமிழகத்தின் கௌரவ விரிவுரையாளர் நிலை இதற்கு நெருங்கியதாகும். நடத்திய வகுப்புகளுக்கு ஏற்ப ஊதியம் கணக்கிடப்படுவதால், கோடை விடுமுறையிலும் தேர்வுக் காலத்திலும் வருவாய் குன்றுகிறது. ஒருவரே நாள்தோறும் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குச் சென்று பாடம் நடத்தும் நிலையும் ஏற்படுகிறது. அவருக்கு ஆராய்ச்சிக்கு நேரம் ஏது?

விதிகள் இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த ஆசிரியர்களில் 10 சதவீதத்துக்கு மிகலாகாது என்றும், அவர்களின் ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க ஊதியத்துக்குக் குறையலாகாது என்றும் 2018 விதிமுறைகள் கூறின. வருகைதரு ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு ரூ. 1,500, மாதத்துக்கு ரூ. 50,000 வரை என்று 2019இல் மானியக் குழு பரிந்துரைத்தது. ஆனால் விதியும் நடைமுறையும் எல்லா இடங்களிலும் ஒன்றாக இல்லை. முந்தைய தற்காலிகப் பணியைப் பிற்காலத்தில் கணக்கில் சேர்க்க, அப்போது பெற்ற ஊதியம் நிரந்தர ஆசிரியரின் ஊதியத்துக்குக் குறைந்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனையாகும். குறைந்த ஊதியத்தில் உழைத்தவருக்கு, அந்தக் குறைந்த ஊதியமே பின்னர் அனுபவத்தை இழக்கவும் காரணமாகிறது. இந்த முறையில் பணியேற்போர் நியமன ஆணை, நடத்திய பாடநேரங்களின் சான்று, ஊதியச் சான்று ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுத்து மூலம் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரைகளின் தரம்

மதிப்பெண்ணுக்காகக் கட்டுரை எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசை, பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் பத்திரிகைகளை வளர்த்தது. இதைத் தடுக்க மானியக் குழு வகுத்த தரமான ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் பட்டியல், புனே பல்கலைக்கழகத்தில் அமைந்த பிரிவின் துணையுடன் 2019இல் வெளிவந்தது. 2025 பிப்ரவரியில் அப்பட்டியல் முறை கைவிடப்பட்டு, தரத்தை முடிவு செய்யும் பொறுப்பு கல்வி நிலையங்களிடமே விடப்பட்டது. எனவே, பட்டியலில் உள்ளது என்ற ஒரே காரணம் இனித் துணையாகாது. ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் யார், கட்டுரை முறையாக வல்லுநர் மதிப்பீட்டுக்கு உட்படுகிறதா, துறையில் மதிப்புக்குரியவர்கள் அதில் எழுதுகிறார்களா என்பவற்றை மாணவர்களே ஆராய வேண்டும்.

காலியிடங்களை அறிதல்

வெளியீட்டுப் பிரிவின் ‘எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்’ வார இதழ் 1976 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. இந்தியப் பல்கலைக்கழகச் சங்கத்தின் ‘யூனிவர்சிட்டி நியூஸ்’ இதழிலும் விளம்பரங்கள் வருகின்றன. மத்திய பல்கலைக்கழகங்களின் ஆசிரியப் பதவிகளுக்காக 2023இல் ‘சயன்’ என்னும் பொது இணையதளம் தொடங்கப்பட்டது. கற்பித்தலில் நாட்டமுள்ளவர், ஆராய்ச்சிப் பணியில் இருக்கும்போதே வழிகாட்டியின் இசைவுடன் ஒரு பாடத்தின் பகுதியையோ செய்முறை வகுப்பையோ நடத்தி அனுபவம் பெறுவது நல்லது. தேர்வுக் குழுக்கள் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும்போது அந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

காலியிடங்களை ஆறு மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்று மானியக் குழு 2019 ஜூனில் கால அட்டவணை வகுத்தது. அதைப் பின்பற்றுவதே இத்துறையில் செய்யத்தக்க முதல் சீர்திருத்தம். ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவேட்டில் உள்ளது. அவருடைய இடத்துக்கான அனுமதியை ஓய்வுக்குப் பின்னரே கோரத் தொடங்குவதற்குக் காரணம் இல்லை. உதவித்தொகையை மாதந்தோறும் தவறாது வழங்குதல், நேர்முகத் தேர்வின் முடிவைக் குறித்த காலத்துக்குள் அறிவித்தல் ஆகியவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது. குழந்தைப் பேற்றின் பொருட்டு ஆராய்ச்சியை இடையில் நிறுத்திய பெண்களுக்கு வயது வரம்பைத் தளர்த்தும் முறையை எல்லா நிலையங்களும் ஒரே சீராக மேற்கொள்ளலாம்.

பணி தேடும் இளைஞர் தமக்கென ஒரு காலவரம்பை வகுத்துக்கொள்வதும் நன்று. இரண்டு ஆராய்ச்சிப் பணிகளுக்குள், அதாவது நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்குள், பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், தொழில்துறை ஆராய்ச்சி ஆகிய மூன்றிலும் முயல வேண்டும். மருந்து, இரசாயனம், கணிப்பொறி ஆகிய தொழில்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் புனேயிலும் உள்ளன. அங்குச் செல்வது தோல்வியாகாது. எனினும் கற்பிக்கவும் ஆராயவும் விரும்பி, அதற்கெனப் பத்தாண்டு பயின்ற ஒருவர் வகுப்பறைக்கு வர இயலாமல் போவதும், அதே நேரத்தில் கல்லூரிகளில் ஆசிரியர் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதும் ஒருங்கே நிகழ்வதை நாம் நெடுங்காலம் அனுமதிக்க இயலாது. அந்த வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்கள், அடுத்த ஆசிரியர் நியமிக்கப்படும் வரை தம் படிப்பை நிறுத்தி வைத்துக் காத்திருக்க முடியாது.